தண்ணி போற வழி

இங்கிலாந்துக்காரர்களுக்கு வீடு இருக்கிறது. அதற்கு ஸ்லேட் ஓடு போட்ட கூரை, குளிர் வராமலிருக்கச் சுவருக்குள் பஞ்சு, அறைக்கு அறை ஹீட்டர். இருபத்தைந்து வருடக் கடன் வாங்கி இத்தனையும் சம்பாதித்தவர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அதைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நாலடி அகலப் படுக்கை உள்ள ஒரு வேனுக்குள் போய் மழையில் படுத்துக்கொள்கிறார்கள். அந்த வேனுக்குக் கேம்பர் வேன் என்று பெயர். அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

இந்தப் பழக்கம் தொற்றக்கூடியது. லங்காஷயரில் குடிவந்த புதிதில், தெருவில் வரிசையாக நிற்கும் இந்த வண்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் ஒரு நாள் நாங்களும் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினோம்.

வண்டி, ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர், ஐந்தாம் தலைமுறை. இந்த வம்சம் 1947-இல் பென் போன் என்ற டச்சு வியாபாரி நோட்டில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து தொடங்கியது. 1950-இல் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளியே வந்தன. 1951-லேயே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கை போடும் சாமான்களைச் செய்துவிட்டது. சரக்கு ஏற்றும் வண்டியைப் பார்த்த மனிதனுக்கு, இதற்குள் படுத்தால் என்ன என்று தோன்ற ஒரே வருடம்தான் ஆகியிருக்கிறது.

எங்களுடையதும் பிறப்பால் சரக்கு வேன்தான். பக்கவாட்டில் வெறும் தகடு. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர், தச்சுவேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அந்தத் தகட்டை ஜிக்சாவால் வெட்டி, கடையில் வாங்கிய ஸ்லைடிங் ஜன்னலைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். உள்ளே பிளைவுட் அலமாரி, இழுத்தால் கட்டிலாகிற சீட், இரண்டு பர்னர் அடுப்பு. இழுப்பறைகளைத் திறந்து மூடினால் சத்தமே வராது. சாவியைக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. வண்டியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

என் மனைவி கரூர்க்காரி. கரூர் என்றால் பலருக்குப் போர்வையும் கொசுவலையும் ஞாபகம் வரும். பஸ்ஸைக் கவனிக்கிறவர்களுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். வெறும் சேசிஸாக, ஓட்டுகிறவர் மூஞ்சியில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிவருகிற வண்டி, அந்த ஊரில் நுழைந்து சீட்டும் ஜன்னலும் பெயிண்டுமாக வெளியே போகும். மாமனார் அப்படியொரு பட்டறையில் காலமெல்லாம் ஜன்னல் வேலை பார்த்தவர். வண்டி வாங்கிய அன்றைக்கு வீடியோ காலில் அவருக்குப் பெருமையாகச் சுற்றிக் காட்டினேன். என்ன விலை, எவ்வளவு ஓடியிருக்கிறது, டீசலா பெட்ரோலா, எதையும் கேட்கவில்லை.

"மாப்ள, அந்த ஜன்னல் யார் வெச்சது?" என்றார்.

சொன்னேன்.

"ஓ," என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு ஜன்னலின் யோக்கியதையைப் பார்க்க இங்கிலாந்தில் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் நாங்கள் முதன்முதலாகப் போனது லேக் டிஸ்ட்ரிக்ட்டின் பாரோடேல் பள்ளத்தாக்குக்கு. அங்கே சீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்வது அங்கேதான். வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். சென்னைக்கு 1,400 பக்கம். சற்றுத் தள்ளி ஹானிஸ்டர் கணவாய். 2015 டிசம்பரில், சென்னை மூழ்கிய அதே வாரத்தில், 5-ஆம் தேதி மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 341.4 மில்லிமீட்டர் கொட்டி பிரிட்டனின் சாதனையாகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தேதான் ஜனங்கள் அங்கே போகிறார்கள். கோடையில் நிறுத்த இடம் கிடைக்காது.

ராத்திரி மழை பிடித்தது. வேன் கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவதைப் பற்றிக் கேம்பர்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. விடியற்காலையில் மனைவி எழுப்பினாள்.

"ஏனுங்க, தலகாணி ஈரமா இருக்குது."

"கனவுல அழுதிருப்ப."

"கால்மாட்டுலயும் ஈரமா இருக்குது. கால்லயா அழுவாங்க?"

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் தளும்ப நின்றது. அதன் உள்விளிம்பில் ஒரு துளி திரளும். பெருக்கும். கொஞ்ச நேரம் தயங்கும். பிளைவுட்டைத் தொட்ட மறுகணம் தட்டையாகி, ஓடி, மெத்தைக்குள் போய்விடும். பிறகு அதே இடத்தில் இன்னொன்று. நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். முன்சீட்டுகளுக்கு மேலே கட்டிய குட்டிப் படுக்கையில் மகள் காய்ந்துபோய், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நாட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் யாரும் மருந்து சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை. வண்டி ஒழுகுகிறது என்று சொல்லிப் பாருங்கள், தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வைத்தியம் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிலிக்கான் கட்சி. ஆபீஸில் ஒருவர் பாலியூரிதேன். கேம்பிங் சாமான் கடைக்காரர் பியூட்டைல் டேப்பை உருட்டிக் காட்டினார். அவரிடமே கேப்டன் டோலி என்று ஒரு சின்னப் புட்டியும் இருந்தது. அதிலுள்ள வெள்ளைத் திரவத்தை மயிரிழை விரிசலில் விட்டால் தானாக உள்ளே ஊர்ந்து போய்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மெல்லிய இடுக்கு கிடைத்தால் தண்ணீர் யாரும் கூப்பிடாமல் ஏறிவிடுகிறதல்லவா, அதே குணத்தை அதற்கு எதிராகவே திருப்பிவிடும் தந்திரம். விரிசலுக்கு நல்ல சாமான். விரலே நுழைகிற இடத்துக்கு என்ன செய்யும்?

சிலிக்கானைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. குளியலறைக்கு நல்லது, அது அங்கேயே இருக்கட்டும். காயும்போது காடி வாசனை வீசுகிற வகை, அசெட்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டேதான் காய்கிறது. வெட்டின இரும்புத் தகட்டின் பெயிண்ட் இல்லாத விளிம்பில் பட்டால் துருவுக்குத் தாம்பூலம் வைத்துக் கூப்பிட்டதாக ஆகும். அது ஒருமுறை பட்ட இடத்தில் அப்புறம் பெயிண்ட் பிடிக்காது, வேறு பசை பிடிக்காது. புது சிலிக்கானே பழைய சிலிக்கான் மேல் ஒழுங்காக ஒட்டாது. சொந்தக்காரனையே சேர்த்துக்கொள்ளாத இதை எதை நம்பி வண்டியில் தடவுவது?

பியூட்டைல் நேர் எதிர். வருடக்கணக்கில் ஆனாலும் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும். ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற கேரவன் ஜன்னல்களுக்கு அது சரி. எங்களுடையது கண்ணாடியை நேரே வண்டியின் உடம்பில் ஒட்டுகிற ரகம். அந்தப் பாரத்தைத் தாங்க அதற்குத் தெம்பு போதாது.

பாலியூரிதேன்தான் ராஜா. கார்களின் முன்கண்ணாடியை ஒட்டுவது இதைக் கொண்டுதான். கன்னங்கரேலென்று இருக்கும், கையில் பட்டால் தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை கூடவே வரும். இது இறுகுவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஆனால் ஒட்டுகிற இடத்தில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீரைத் தடுக்க வந்த பொருள் தண்ணீர் இல்லாமல் காயாது. அதே தண்ணீர் கொஞ்சம் கிட்ட வந்தால் கோபித்துக்கொண்டு உரிந்துவிடும். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி, கூப்பிடாவிட்டாலும் குற்றம், கூப்பிட்டாலும் குற்றம்.

ஆக, எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அடை. எங்கே ஓட்டை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கோ வேறொரு சந்தேகம். அன்றைக்கு ராத்திரி மனைவி வேனுக்குள்ளேயே இட்லி ஊற்றியிருந்தாள். கேஸ் எரிந்தாலே தண்ணீர் வரும்; ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. எரித்த கேஸைவிட வந்த தண்ணீர் கனம் அதிகம், ஏனென்றால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் அதில் சேர்ந்துகொள்கிறது. அதற்கு மேல் இட்லிப் பானையின் ஆவி. அதற்கும் மேல் மூன்று பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு. வெளியே குளிர். இத்தனை ஆவியும் போய் உட்காருவதற்கு ஜில்லென்ற கண்ணாடியை விட்டால் வேறு இடம் ஏது? கண்ணாடியில் வழிந்து சட்டத்தில் தேங்கியிருக்கலாம். இதை நிதானமாக, விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன்.

"அப்ப, நான் இட்லி சுட்டதால ஜன்னல் ஒழுகுது."

"அப்படி எங்க சொன்னேன்? நீராவியானது..."

"பிரெட்டுல ஜாம் தடவிக் குடுத்திருந்தா ஒழுகியிருக்காது."

கல்யாணமானவர்கள் இந்த இடத்தில் நீராவியைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நானும் நிறுத்திக்கொண்டேன். ஆனால் இட்லியா மழையா என்பதை முடிவு கட்டியாக வேண்டும். அதற்கு வழி உண்டு. வேனை நன்றாகக் காயவிட வேண்டும். உள்ளே யாரும் படுக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. ஜன்னலைச் சுற்றி உட்புறம் முழுக்கப் பவுடர் தூவ வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழி பவுடரில் கோடு போட்டுக் காட்டிவிடும். வெள்ளைக்காரர்கள் இதற்குக் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் கோகுல் சாண்டல்தான் இருந்தது. வண்டி முழுக்கக் கல்யாண மண்டப வாசனை.

அப்புறம் வெளியே பூவாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹோஸ் பைப்பைப் பீய்ச்சக் கூடாது. அந்த வேகத்துக்கு நல்ல ஜன்னலும் ஒழுகும். கீழிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் அடிவிளிம்பு, கொஞ்ச நேரம் காத்திருப்பு, பிறகு நடு, கடைசியாகத் தலைப்பக்கம். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, திருடன் யாரென்று தெரியாமல் போய்விடும். இவ்வளவுக்கும் முதல் நிபந்தனை, அன்றைக்கு மழை பெய்யக் கூடாது. லங்காஷயரில் மழை இல்லாத ஒரு நாளுக்காகத் தவமிருந்து, அது கிடைத்ததும் நாமே தண்ணீரை எடுத்து ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் டீக்கோப்பையோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வாரம் பெய்தது போதவில்லையா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அடிவிளிம்பில் ஊற்றியபோது உள்ளே ஒன்றுமில்லை. நகரும் கண்ணாடி மேல் ஊற்றியதும், அடிச்சட்டத்தின் பள்ளம் நிறைந்தது, தளும்பியது, சந்தனப் பவுடரில் ஒரு கோடு இறங்கியது. இட்லி நிரபராதி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரியும் இட்லிதான் ஊற்றினாள்.

கரூரில் மாமனாருக்குப் போன் போட்டேன். வீடியோவில் ஜன்னலைக் காட்ட வேண்டும், அவருக்கோ என் மூக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. ஒருவழியாகக் கேமராவைத் திருப்பியதும் பழைய தொழில் அவர் குரலில் ஏறிக்கொண்டது.

"கண்ணாடி நகரோணும்னா சந்து இருக்கோணும். சந்து இருந்தா தண்ணி வரும். வரட்டும், உடுங்க. வர்ற தண்ணி கீழ சேனல்ல உழும். சேனல்ல ஓட்டை வெச்சிருப்பாங்க, வெளிப்பக்கமா. அது வழியா ரோட்டுக்குப் போயிரும். ஸ்லைடிங்கு ஒழுகாம இருக்கறதுக்குச் செஞ்சது இல்லீங் மாப்ள, ஒழுகுனத வெளிய தள்றதுக்குச் செஞ்சது. அந்த ஓட்டையக் காட்டுங்க."

"ஓட்டை எதுவும் இல்லையே மாமா."

"இருக்கும். நல்லாப் பாருங்க. எவனோ அடைச்சிருப்பான்."

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சட்டத்தின் அடியில், அரிசி நீளத்துக்குச் சின்னச் சின்ன வாய்கள். ஒவ்வொன்றிலும் நிறமில்லாத சிலிக்கான், விரலால் வழித்து மெழுகி, அவ்வளவு சுத்தமாக. சத்தமில்லாத இழுப்பறை செய்தவர் கை வேறு எப்படி இருக்கும்? ஜன்னல் ஒழுகியிருக்கிறது, அதற்குக் காரணமான ஓட்டையை அவர் வெளியில் தேடியிருக்கிறார், கண்ணுக்கு நேரே தெரிந்த ஓட்டைகளை அன்போடு அடைத்துவிட்டார். ஒழுகல் அதிகமாகியிருக்கும். மேலும் அன்போடு இன்னொரு பூச்சு. வடிகாலை மூடிவிட்டுக் கரையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவி கொடுக்கும்போது அவர் கண் கலங்கியதன் காரணமும் வேறாகத் தெரிய ஆரம்பித்தது.

"டவுன் பஸ்ல சனங்க குடை புடிச்சு உக்காந்திருக்கற போட்டோ மழைக்காலத்துல பேப்பர்ல வரும் பாருங்க," என்றார் மாமா, சம்பந்தமில்லாமல்.

"ஆமாங்க மாமா."

"அது கூரை. கூரைக்காரன் வேலை. ஜன்னல்காரன் மேல பழி போடக் கூடாது."

பல வருடமாக அவர் மனதில் இருந்திருக்கும்போல.

சுத்தம் செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் நுனியைக் கிளப்பி இழுத்தால் சிலிக்கான் நீள நீளமாக உரிந்து வந்தது. ஆனால் துவாரத்துக்குள் இறங்கியிருப்பதை எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் சட்டத்தை உடைத்துவிடும், கம்பி கீறிவிடும். கேபிள் டையை நுழைத்தால் மடங்கிக்கொள்கிறது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாங்கிவந்த தென்னந்துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைச் சரித்து நறுக்கி விட்டேன். அந்தத் துவாரத்துக்கென்றே தென்னை வளர்த்துவிட்டதுபோலப் போயிற்று. வளைய வேண்டிய இடத்தில் வளைந்தது, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தது. எந்த ஜெர்மன் கருவிப்பெட்டியிலும் இது கிடையாது.

சேனலுக்குள் இருந்த வெல்வெட் பட்டியில் பாசி பிடித்திருந்தது. பாசி என்றால் வழுக்குகிற பச்சை அல்ல. பற்றிப் பிடித்து, தண்டு விட்டு, ஒரு தோட்டம். பழைய வண்டிகளின் ஜன்னல் ரப்பரில் பாசி வளர்ப்பது பிரிட்டிஷ் சீதோஷ்ணத்தின் விருப்பமான தொழில். அதை வாரியதும் பைன் ஊசிகள், ஏதோ கடற்கரை மணல், முன்னாள் நாய் ஒன்றின் வெள்ளை மயிர், ஒரு சோம்பு. சோம்பு எங்களுடையது. வழவழப்புக்கு எண்ணெய் விடலாமா என்று கேட்டதற்கு மாமா அலறிவிட்டார்; வெல்வெட்டில் எண்ணெய் பட்டால் ஊர்த்தூசி முழுக்க வந்து குடியேறும் என்றார். ஒரு டம்ளர் தண்ணீரை உள்பக்கம் சேனலில் ஊற்றினேன். வெளியே முதலில் ஒன்றுமில்லை. பிறகு டீ நிறத்தில் குபுக்கென்று, பிறகு தெளிவாக, எல்லா வாய்களிலிருந்தும் ஒரே சமயத்தில் ஓடியது. மகள் கைதட்டினாள். பெரியவரும் வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு கேரவன் ஜன்னலில் இந்த ஓட்டைகளை அவரே போன வருடம் அடைத்துவிட்டதாகச் சொன்னார். ஈர்க்கு ஒன்று கொடுத்தனுப்பினேன்.

இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் சந்தோஷம். பூவாளியைத் தலைப்பக்கம் கொண்டுபோனபோது, மேல்மூலையில் சந்தனப் பவுடரில் இன்னொரு கோடு. இது ஓட்டைக்குச் சம்பந்தமில்லாதது. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்த பசையே விட்டுக்கொடுத்திருக்கிறது. ஜன்னலைப் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டால் ஜன்னல் விலையைவிடக் கூலியை அதிகமாகச் சொன்னார்கள்.

ஒட்டின கண்ணாடியைப் பெயர்க்க முறுக்குக் கம்பி என்று ஒன்று விற்கிறது. இரண்டு முனைக்கும் கைப்பிடி. பசையில் ஒரு துளை போட்டுக் கம்பியை நுழைத்துவிட வேண்டும். ஓர் ஆள் வண்டிக்கு உள்ளே, ஓர் ஆள் வெளியே. ரம்பம் அறுப்பதுபோல மாறி மாறி இழுத்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். தம்பதிகளுக்கு ஏற்ற வேலை என்று விளம்பரத்தில் எங்கேயும் போடவில்லை, அது நியாயம்தான். உள்ளே நான், வெளியே மனைவி. இடையில் கண்ணாடி, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் பாதிதான் கேட்கும்.

"விடு!"

"விட்டுட்டேனே, இழுங்க!"

"நீ விட்டாத்தானே வரும்?"

"நான் எங்க புடிச்சிருக்கேன், நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்க!"

இருவருமே விட்டிருந்தோம், கம்பி நடுவில் சிக்கியிருந்தது. மூலையில் திருப்பும்போது மறுபடி சிக்கியது. அந்த இடத்தில் நடந்த உரையாடலில் கம்பியைப் பற்றியது கொஞ்சம்தான். எங்கள் கல்யாணத்தில் என் சித்தப்பா சாப்பாட்டைக் குறை சொன்னது வரைக்கும் போய்விட்டு வந்தது. கடைசி முழம் அறுந்தபோது, உறிஞ்சும் கப்புகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெரியவர் கண்ணாடியைத் தாங்கினார். நாங்கள் பேசிய தமிழ் அவருக்குப் புரியவில்லை என்பதை அவர் முகம் நம்பவில்லை.

தகட்டில் வெட்டிய விளிம்பு துருவேறிப் பொருபொருத்திருந்தது. பழைய சொந்தக்காரர் வெட்டின இடத்துக்கு ப்ரைமர் அடிக்காமலே ஒட்டியிருக்கிறார். அடியில் துரு பரவப் பரவப் பசைக்குப் பிடிமானம் போய்விட்டது. தேய்த்து, வெள்ளி தெரிகிறவரை தேய்த்து, துருத் தடுப்பு ப்ரைமர், அதன் மேல் பெயிண்ட், காயவிடல். இதெல்லாம் பொறுமை மட்டும் கேட்கிற வேலை. பசை போடுவதுதான் நிற்க நேரமில்லாதது. குழாயின் மூக்கை வி வடிவத்தில் வெட்டிக்கொண்டால் பசை முக்கோணமாக நிமிர்ந்து விழும். கண்ணாடியை அழுத்தும்போது நடுவில் காற்று நிற்காமல் பரவும். ஒரே ஓட்டமாகச் சுற்றிவந்து ஆரம்பத்தில் முடிக்க வேண்டும். மேல்தோல் பிடிப்பதற்குள் கண்ணாடியைத் தூக்கி வைத்து, அழுத்தி, நழுவாமல் மாஸ்கிங் டேப்பால் கட்டிப்போட்டோம்.

கார்க் கண்ணாடிகளின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும் அதையொட்டிக் கறுப்புப் புள்ளிகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் அழகுக்கு என்றிருந்தேன். கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பூச்சு அது. அடியிலிருக்கும் பாலியூரிதேன் மேல் வெயில் படாமல் காக்கிறது. வெயில் பட்டால் அந்த ராஜா பொடிந்து உதிர்ந்துவிடும். மழை வராமல் ஒட்டுகிற பசைக்கு வெயிலும் ஆகாது. இங்கிலாந்துக்கென்றே பிறந்தது.

பசை ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்று குழாயில் போட்டிருந்தது. அதற்குள் அது வேறு இடங்களில் வேகமாக இறுகிவிட்டது: வாசல் கைப்பிடி, என் போன், மனைவியின் சுடிதார் கை, பெரியவரின் டீக்கோப்பை. மகளின் காது மடலில் எப்படி வந்தது என்பதற்கு இன்றுவரை விளக்கமில்லை.

மறுபடி பாரோடேல். மறுபடி ராத்திரி மழை, இந்தத் தடவை காற்றோடு. டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே படுத்திருந்தேன். சேனலில் தண்ணீர் சேரும், வெளியே ஓடும், சேரும், ஓடும். மெத்தையில் ஒரு பொட்டு இல்லை. வண்டியைச் சரிவாக நிறுத்தினால் தண்ணீர் ஓட்டை இல்லாத மூலைக்குப் போய்த் தேங்கிவிடும் என்று மாமா சொல்லியிருந்ததால், சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் ஆப்புகளை வைத்து ரசமட்டம் பார்த்தே நிறுத்தியிருந்தேன்.

காலையில் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்க வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. மழைக்கு எங்கேயும் வழியில்லை. இது முழுக்க முழுக்க எங்கள் சொந்தத் தண்ணீர். இட்லியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், திறக்கிறேனா என்று. முன்பு சந்துபொந்தெல்லாம் காற்று புகுந்து ஆவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது நாங்கள் அடைத்த அடைப்பில் அதற்கும் வழியில்லை. அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருப்பது உயிருக்கும் நல்லது; வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு மணம் காட்டி வருவதில்லை. ஆகவே, மழையானாலும் இரண்டு விரல் அளவு திறந்துதான் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

பள்ளத்தாக்கை விட்டுக் கெஸ்விக் ஊருக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. ஏரிக்கரை கார் நிறுத்தத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது கரூரிலிருந்து போன்.

"ஒழுகுதுங்களா மாப்ள?"

"ஒரு சொட்டு இல்லீங்க மாமா."

"காட்டுங்க பாக்கலாம்."

காட்டினேன். போனை முகத்துக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோனார் போல. கண்ணாடியும் புருவமும் மட்டும் தெரிந்தன.

"மழை பெய்யுதுங்களே."

"ஆமாங்க."

"ஜன்னலத் தொறந்தல்ல வெச்சிருக்கீங்க?"

"ஆமாங்க மாமா. உள்ள இருக்கற ஈரம் வெளிய போகணும் பாருங்க. அதனால மழையில திறந்துதான் வெக்கணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பாப்பா பக்கத்துல இருக்குதுங்களா?" என்றார். "போன அவகிட்டக் குடுங்க."